ஒரு படிவம் வேண்டும்: மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளருக்குத் திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு படிவம் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், ஒரு முறைக்கு 500 லிட்டர் வீதம், மாதம் 3,000 லிட்டருக்கு மிகாமல் பீர் காய்ச்சி, காய்ச்சிய இடத்திலேயே குவளையில் ஊற்றி விற்கும் ஒரு சிறு ஆலையைத் தொடங்க விரும்புகிறேன். குர்கானிலும் புனேயிலும் பெங்களூரிலும் இதனை மைக்ரோ ப்ரூவரி என்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அங்கெல்லாம் இதற்கென்று தனி உரிமம் வழங்கப்படுகிறது. நம் மாநிலத்தில் அப்படியோர் உரிமம் இல்லாததால், அதற்கு விண்ணப்பிக்கும் படிவமும் இல்லை. கடந்த பதினான்கு மாதங்களில் மூன்று அலுவலகங்களின் படியேறி இறங்கி நான் தெரிந்துகொண்டது இந்த ஒரு வரிதான். அந்த அலுவலகங்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஒருவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “பீர் ஃபேக்டரிக்கு எத்தனை ஏக்கர் வச்சிருக்கீங்கம்மா?” என்று கேட்டார். ஆறு சென்ட் என்றேன். அவர் கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

என்னைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் அப்பா கருங்கல் பக்கம் பனையேறியவர். நான் நாகர்கோவிலில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, பெங்களூரில் ஒரு சிறு பீர் ஆலையில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் டேங்க் கழுவினேன், பிறகு ஈஸ்ட் பார்த்துக்கொண்டேன், கடைசி மூன்று ஆண்டுகள் காய்ச்சும் பொறுப்பு முழுவதும் என்னிடம் இருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு இங்கு ஒரு சொட்டுக்கூட நான் காய்ச்சியதில்லை என்பதையும் இந்த இடத்திலேயே பதிவு செய்கிறேன். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். மது வணிகம் எவருடைய அடிப்படை உரிமையும் அன்று என்று உச்ச நீதிமன்றம் 1994இல் கோடே மது ஆலை நிறுவனத்தின் வழக்கில் தெளிவாகக் கூறிவிட்டதும், மதுவை விலக்க அரசு முயல வேண்டும் என்று அரசமைப்பின் 47ஆவது உறுப்பு வழிகாட்டுவதும் தெரியும். ஆகவே உரிமை என்று வாதாட வரவில்லை. ஆனால் அரசே காய்ச்ச அனுமதித்து, அரசே வாங்கி, அரசே விற்கும் ஒரு பொருளை, பெரிய அளவில் மட்டும்தான் காய்ச்சலாம் என்று விதிகள் சொல்லாமல் சொல்வது ஏன் என்று கேட்க எனக்கு இடமுண்டு என்று கருதுகிறேன்.

பீர் என்றால் என்ன என்று துறைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 500 லிட்டர் என்றால் எவ்வளவு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 100 கிலோ மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை, உடைத்து, 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், தானியத்தின் மாவுச்சத்து அதிலேயே உள்ள நொதிகளால் சர்க்கரையாகிறது. அந்த இனிப்புச் சாற்றை வடிகட்டி, கசப்புக்காக ஹாப்ஸ் பூ ஒன்றிரண்டு கிலோ போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, விரைந்து 20 டிகிரிக்குக் குளிர்வித்து, சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் நுண்ணுயிரைச் சேர்த்து மூடிவைத்தால், இரண்டு மூன்று வாரத்தில் 5 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பீர் கிடைக்கும். அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. கொதி பொங்கி வரும்போது அடுப்பைத் தணிக்கும் கைப்பழக்கம் உட்பட எல்லாம் தெரிந்ததுதான். இந்த 500 லிட்டரையும் 650 மில்லி பாட்டிலில் அடைத்தால், பன்னிரண்டு பாட்டில் கொண்ட பெட்டி 64 வரும். பெரிய ஆலையின் பாட்டில் அடைக்கும் எந்திரத்துக்கு அது ஐந்து நிமிட வேலைகூட இல்லை. எனக்கு அது மூன்று வார உழைப்பு.

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு பீர் ஆலை விதிகள் அந்த எந்திரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதில் தவறு காண முடியாது. அன்றைக்கு இந்தியாவில் வேறுவகை ஆலை இருக்கவில்லை. அதே 1983இல்தான் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003இன் இறுதியில் சில்லறை விற்பனையும் அதனிடம் வந்தது. ஆக, இன்று நம் மாநிலத்தில் பீர் காய்ச்சும் எவரும் அதை டாஸ்மாக்கின் கிடங்குக்கு அனுப்பியாக வேண்டும். அங்கிருந்து அது கடைக்கும் மதுக்கூடத்துக்கும் போகும். இந்த ஏற்பாட்டின் நன்மை தீமைகளைப் பேச நான் வரவில்லை. என் பொருள் அந்த வழியே பயணம் செய்யாது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ‘சிறியதாக இருந்தால் என்ன, நீயும் பாட்டிலில் அடைத்து அனுப்பேன்’ என்று என்னிடம் சொல்லாதவர் இல்லை. பெரிய ஆலையின் பீர் வடிகட்டப்பட்டு, பாட்டிலோடு 60 டிகிரி சூட்டில் சில நிமிடங்கள் வைத்துப் பாஸ்டியர் செய்யப்படுகிறது. அதில் உயிருள்ள ஈஸ்ட் இல்லை. லாரியில் வெயில் காய்ந்தாலும், கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தாலும், சுவை மங்குமே தவிரப் பொங்காது. சிறு ஆலையின் பீரில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். அதை 4 டிகிரிக்கு அருகில் வைத்திருக்கும்வரை அது சாது. நாகர்கோவில் வெயிலில் ஒரு நாள் நின்றால், மிச்சமிருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்னத் தொடங்கும். பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறும். பிறகு மூடி போகும், சில வேளை பாட்டிலே போகும். பாலை எப்படிக் கிடங்கில் அடுக்கி வைக்க முடியாதோ அப்படித்தான் இதுவும். பாஸ்டியர் செய்யும் எந்திரத்தை வாங்கிப் போடலாம் என்றால், அதன் விலைக்கு என் ஆலையைப்போல இரண்டு ஆலை கட்டலாம். அப்படியே வாங்கினாலும், பெரிய ஆலையின் பாட்டிலோடு அதே அலமாரியில், அதே சுவையில், அதைவிடக் கூடுதல் விலையில் என் பாட்டில் நின்றால் யார் எடுப்பார்கள்? சிறு ஆலை எந்த நாட்டிலும் பிழைத்திருப்பது, காய்ச்சிய இடத்தில், டேங்கிலிருந்து நேரே குவளைக்கு வருவதால்தான். அந்த ஒன்றை விதி அனுமதிக்காவிட்டால், மற்ற எல்லாவற்றையும் அனுமதித்தும் பயனில்லை.

இப்போது நீர். எங்கள் நிலம் திருவட்டார் வட்டத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. கிணற்று நீரைச் சோதித்துப் பார்த்ததில் மொத்தக் கரைதிடம், அதாவது கரைந்திருக்கும் உப்புகள், லிட்டருக்கு 90 மில்லிகிராம் இருந்தது. மலையடிவாரத்து நீர் அப்படித்தான் மென்மையாக இருக்கும். 1842இல் பில்சன் நகரத்தில் பொன்னிற பீர் பிறந்ததற்கு அந்த ஊரின் மென்மையான நீரும் ஒரு காரணம் என்று இத்தொழிலில் இருப்பவர்கள் சொல்வது வழக்கம். அந்த அளவில் எங்கள் கிணறு எனக்குக் கிடைத்த வரம். தாத்தாவின் ஊரில், கடலுக்கு இன்னும் சற்று அருகில் ஆலை வைத்திருந்தால், உப்பேறிய கிணற்று நீரோடு நான் மல்லுக்கட்டியிருக்க வேண்டும்.

உள்ளே வரும் நீரைவிட வெளியே போகும் நீர்தான் தலைவலி. ஒரு லிட்டர் பீருக்கு ஐந்து முதல் எட்டு லிட்டர்வரை நீர் செலவாகும், பெரும்பகுதி கழுவுவதற்குத்தான். சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த அந்தக் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை, அதாவது அந்த அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்ஸிஜன், லிட்டருக்கு 1,000 முதல் 3,000 மில்லிகிராம்வரை போகும். நீர்நிலையில் விடுவதற்கான வரம்பு 30. பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து குளம் குளமாகச் சேரும் மாவட்டம் இது. எந்த ஓடையில் எதைக் கொட்டினாலும் அது எவருடைய வயலுக்காவது, எவருடைய குளிக்கும் துறைக்காவது போய்ச் சேரும். ஆகவே இந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கமாட்டேன். கேட்பவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2016ஆம் ஆண்டு வகைப்பாட்டில், பீர் தயாரிப்பும் சாராய ஆலையும் ஒரே வரியில், அதிகம் மாசுபடுத்தும் தொழில்களுக்கான ஒரே சிவப்பு வகையில் அடக்கப்பட்டன. நாள்தோறும் லட்சக்கணக்கான லிட்டர் கழிவை வெளியேற்றும் ஆலைக்கும், வாரத்தில் ஒன்றரை நாள் காய்ச்சும் கொட்டகைக்கும் ஒரே படிக்கட்டு. என் கழிவுநீரை ஒரு சிறு சாண எரிவாயுக் கலன் போன்ற அமைப்பில் மூடிச் செரிக்கவிட்டு, பிறகு காற்றேற்றி, தென்னைக்குப் பாய்ச்சும் அளவுக்குக் கொண்டுவர முடியும் என்பதைப் பெங்களூரில் செய்து பார்த்திருக்கிறேன். வடிகட்டிய பின் மிஞ்சும் ஈரச் சக்கை ஒரு காய்ச்சுக்கு 100 கிலோ வரும். அது மாட்டுக்கு நல்ல தீவனம், ஆனால் இந்த ஈரக்காற்றில் அடுத்த நாளே புளித்துவிடும். பக்கத்து வீட்டில் இரண்டு பசுக்கள் இருக்கின்றன. அந்த அக்காள் ஆலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சக்கை எப்போது வரும் என்று மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது சூடு கிளம்பும். வெளியே 32 டிகிரி இருக்கும் ஊரில், டேங்கைச் சுற்றிக் குளிர்ந்த க்ளைகால் திரவம் ஓடவில்லையென்றால் உள்ளே வெப்பநிலை ஏறி, மறுநாள் திறந்து பார்த்தால் பழக்கடை வாசம் அடிக்கும். வாழைப்பழத்துக்கு மணம் தரும் அதே எஸ்டரை ஈஸ்ட்டும் உண்டாக்குகிறது. மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற மாவட்டம்தான் என்றாலும் அந்த வாசம் எல்லா பீருக்கும் பொருந்தாது. அதைக் குளிர்விக்கும் சில்லர் எந்திரம் ஓட மின்சாரம் வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஊரில் பத்து நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. அப்போது என்னிடம் நான்கு டேங்க் நிறையப் பீர் இருந்திருந்தால் அனைத்தையும் ஊற்றிக் கொட்டியிருக்க வேண்டும். கொட்டியிருந்தால் அதற்கும் கணக்கு வேண்டுமல்லவா? கெட்டுப்போன பீரை அதிகாரி முன்னிலையில் அழித்தால் மட்டுமே தீர்வையிலிருந்து, அதாவது மது மீதான வரியிலிருந்து, கழிக்கப்படும் என்ற முறை பெரிய ஆலைக்குச் சரி. அங்கே அதிகாரி உள்ளேயே அமர்ந்திருப்பார். புயலடித்த ஊரில், மரங்கள் விழுந்து கிடக்கும் சாலையைத் தாண்டி என் 2,000 லிட்டரை எண்ண யார் வருவார்?

அந்த அதிகாரியைப் பற்றியே ஒரு வார்த்தை. ஆலையில் அமர்த்தப்படும் ஆயத்தீர்வை அலுவலரின் சம்பளச் செலவை உரிமம் பெற்றவரே கட்டுவது இந்திய ஆயத்தீர்வை முறையின் பழைய வழக்கம். கோடிக்கணக்கில் விற்கும் ஆலைக்கு அது ஒரு பொருட்டன்று. மாதம் 3,000 லிட்டர் காய்ச்சும் ஆலையில், அவருடைய சம்பளம் எங்கள் இரண்டு தொழிலாளர்களின் சம்பளத்தையும் சேர்த்தாலும் அதைவிட அதிகமாக இருக்கும்; வேலையோ, நான் டேங்க் கழுவுவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பதாகவே இருக்கும். கண்காணிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. பீரை அளக்க எளிய வழிகள் உண்டு. வாங்கிய மால்ட்டின் எடை தெரிந்தால், அதிலிருந்து அதிகபட்சம் எத்தனை லிட்டர் எடுக்க முடியும் என்பதைத் தாளில் கணக்கிட்டுவிடலாம். மால்ட் எங்களுக்கு வட மாநிலங்களிலிருந்து விலைப்பட்டியலோடும் வழிச்சீட்டோடும்தான் வருகிறது, ஒளித்து வைக்க வழியில்லை. டேங்கிலிருந்து குழாய்க்குப் போகும் வழியில் முத்திரையிட்ட அளவுமானியைத் துறையே பொருத்தலாம். வாரம் ஒருமுறை வந்து இரண்டையும் ஒப்பிட்டால் போதும். எந்த நேரத்திலும் சொல்லாமல் வந்து கதவைத் தட்டும் அதிகாரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். அதை நானே விரும்புகிறேன்.

தீர்வையும் கட்டணமும் அளவைப் பார்த்து அமைய வேண்டும் என்பது புதிய சிந்தனை அன்று. பிரிட்டனில் 2002ஆம் ஆண்டு முதல், ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர் வரை காய்ச்சும் ஆலைகளுக்குப் பீர்த் தீர்வை பாதியாகக் குறைக்கப்பட்டது. 2023இல் அந்த முறையை மாற்றியமைத்தபோதும் சிறியோருக்கான சலுகையை அவர்கள் விட்டுவிடவில்லை. ஜெர்மனியிலும் சிறிய ஆலைகளுக்குக் குறைந்த வீதமே. என் ஆலை ஆண்டுக்கு 36,000 லிட்டரைத் தாண்டாது. பாதித் தீர்வைகூட நான் கேட்கவில்லை. லிட்டருக்கு உரிய தீர்வையை முழுதாகவே கட்டுகிறேன். உரிமக் கட்டணம் மட்டும் ஆலைக்கு இவ்வளவு என்றில்லாமல், கொள்ளளவுக்கு இவ்வளவு என்று இருக்கட்டும்.

கடன் கதை சுருக்கமானது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தின் விலக்குப் பட்டியலில் மது பரிமாறும் கடையும் இருக்கிறது, விற்பனைக்குக் கள் இறக்குவதும் இருக்கிறது. எனக்கு இரண்டு கதவும் மூடியாயிற்று. அரசின் மானியத்தை மதுவுக்குத் தரக்கூடாது என்பது நியாயம்தான், அதில் எனக்குக் குறையில்லை. வங்கியில், இல்லாத உரிமத்தின் நகலைக் கேட்டார்கள். சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து மனிதர் அருந்தும் மது விலக்கப்பட்டிருப்பதால், எந்திரங்களுக்கு நான் கட்டும் 18 விழுக்காட்டு வரியை எதிலும் கழித்துக்கொள்ளவும் முடியாது. அது அப்படியே முதலீட்டின் தலையில் ஏறும்.

இடத்துக்கு வருகிறேன். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்கிறோம். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பள்ளிக்கூடம் ஆகியவற்றிலிருந்து மதுக்கடை நகரப் பகுதியில் 50 மீட்டரும் பிற பகுதியில் 100 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு விதி. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலை ஓரங்களுக்கு 500 மீட்டர் வரம்பு விதித்தது. 20,000 பேருக்குக் குறைவான ஊர்களில் அது பிறகு 220 மீட்டர் ஆயிற்று. கன்னியாகுமரியில் தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே சமயத்தில் விலகி நிற்கும் ஒரு புள்ளியைத் தேடுவது, நில அளவையாளருக்குக் கொடுக்கும் புதிர்ப் போட்டி. ஒரு சனிக்கிழமை முழுவதும் அளவு நாடாவோடு அலைந்து, என் ஆறு சென்ட் அந்தப் புதிருக்கு விடையாக அமைவதைக் கண்டபோது எனக்கே வியப்பு. நடுவே ரப்பர் மரங்கள் மட்டும்தான்.

இனி அக்கானி. இதை நான் எழுதாமல் விட்டால் தாத்தாவுக்குத் துரோகம் செய்தவளாவேன். பாளையைச் சீவி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் மறுநாள் காலை இறங்குவது அக்கானி. சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் இறங்குவது கள். மரமும் பாளையும் அரிவாளும் ஒன்று. ஒரு கைச் சுண்ணாம்புதான் வேறுபாடு. 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்குவது நம் மாநிலத்தில் குற்றம். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குப் போனால் அங்கே உரிமம் பெற்ற கள்ளுக்கடை. கள்ளின் ஆல்கஹால் அளவு ஏறத்தாழ பீரின் அளவுதான். புளிக்கப் புளிக்கச் சற்றே கூடும். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. அந்த மரத்தின் கருப்பட்டியை நான் கொதிக்கும் சாற்றில் கரைத்தால், அது பீரில் சேர்க்கும் ஒரு சர்க்கரை. அதே மரத்தின் அக்கானி என் கைக்கு வரும்முன் தானாகப் புளிக்கத் தொடங்கிவிட்டால், நான் கள் வைத்திருந்தவள். ஆகவே கருப்பட்டியோடு நிறுத்திக்கொள்கிறேன். நாஞ்சில் நாட்டு அரிசி, மார்த்தாண்டம் தேன், மலையில் விளையும் கிராம்பு, கருப்பட்டி ஆகியவற்றை நான் வாங்கினால் அந்தப் பணம் இந்த மாவட்டத்திலேயே சுற்றும். ஹாப்ஸ் மட்டும் இங்கே விளையாது. அதை வெளியிலிருந்து வரவழைத்துத்தான் ஆக வேண்டும். கள் பற்றிய முடிவு என் மடலுக்குள் அடங்காத பெரிய விவகாரம்; ஆனால் சிறு பீர் ஆலைக்கு விதி எழுத அமரும்போது, பனைச் சாற்றைச் சேர்மானமாகப் பயன்படுத்துவது பற்றி ஒரு தெளிவான வரியையும் அதில் எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவையும் வாசித்த பிறகு, இந்த மாவட்டத்துப் பெண்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நான் கல்லூரியில் படித்த காலத்தில், பள்ளிக்கூடம் போகும் வழியில் இருந்த ஒரு மதுக்கடையை மூடச் சொல்லி எங்கள் ஊர்ப் பெண்கள் மூன்று நாள் அதன் வாசலில் அமர்ந்தார்கள். அம்மாவும் நானும் அவர்களோடு இருந்தோம். கடை மூடப்பட்டது. அன்று அங்கே அமர்ந்ததற்காக நான் இன்றும் வருந்தவில்லை. என் மாமா ஒருவர் குடியால்தான் போனார். கல்லீரல் வீங்கி, கடைசி ஆறு மாதம் திண்ணையை விட்டு இறங்காமல். இந்த ஆலைத் திட்டத்தை முதலில் சொன்னபோது அம்மா கேட்டது இதுதான்: “மக்களே, ஒனக்கு வேற சோலியே கெடைக்கலியா?” அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. குறைந்த விலையில் விரைவாகப் போதை தரும் குவார்ட்டர் பாட்டிலைத் தேடுபவர் என் கடைக்கு வரமாட்டார், அவருக்கு என் விலையும் கட்டுப்படியாகாது என்று சொன்னேன். அப்படியானால் பணக்காரர்களுக்கு மட்டும் குடிக்க இடம் கட்டுகிறாயா என்று அம்மா திருப்பிக் கேட்டார். சரியான கேள்வி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, மது என்ற சொல்லையே கேட்க விரும்பாத வீடுகள் இருக்கின்றன. தானியத்தைப் புளிக்கவைக்கும் பீரில் அப்படிப்பட்ட நஞ்சு சேராது என்று வேதியியல் சொல்லி அந்த வீடுகளின் அச்சத்தை நான் தீர்க்க முடியாது.

அதனால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். 2018இல் கேரள அரசு சில மது ஆலைகளுக்குக் கொள்கையளவில் அளித்த அனுமதியை, எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு அக்டோபரில் திரும்பப் பெற்றது. ஊருக்குத் தெரியாமல் வரும் அனுமதி எனக்கு வேண்டாம். சிறு ஆலைக்கான விதி வருமானால், ஆலை அமையும் ஊராட்சியில் கிராம சபையைக் கூட்டி, திட்டத்தை வாசித்து, கேள்வி கேட்கவிட்டு, தீர்மானம் பெற்ற பிறகே உரிமம் என்று அதில் எழுதுங்கள். என் ஊர் வேண்டாம் என்றால் நான் வேறு ஊர் தேடுவேன். எந்த ஊரும் வேண்டாம் என்றால் பெங்களூருக்கே திரும்பிவிடுவேன். இரவு ஒன்பது மணிக்கு மூட வேண்டும், 21 வயதுக்கு உட்பட்டவர் உள்ளே வரவே கூடாது, ஒருவருக்கு இத்தனை குவளைக்கு மேல் கூடாது என்றெல்லாம் நிபந்தனை விதித்தாலும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றில் மட்டும் எனக்கு அச்சம் உண்டு. 1981ஆம் ஆண்டு விதிகளின்படி மன்றங்களுக்கு, அதாவது கிளப்புகளுக்கு, எஃப்எல் 2 என்றும் விடுதிகளுக்கு எஃப்எல் 3 என்றும் உரிமங்கள் இருக்கின்றன. நாளை சிறு ஆலைக்கு இடமளிப்பதென்று அரசு முடிவெடுத்தால், எளிதான வழியாக, அதை நட்சத்திர விடுதிகளுக்கான எஃப்எல் 3 உரிமத்தின் வாலில் கட்டிவிடக்கூடும். அப்படிச் செய்தால் சென்னையின் ஐந்து நட்சத்திர விடுதியில் பளபளக்கும் செப்பு டேங்க் வரும். திருவட்டாருக்கு ஒன்றும் வராது. அம்மாவின் கேள்விக்கு அரசே ‘ஆமாம்’ என்று பதில் சொன்னதாகவும் ஆகிவிடும். விடுதியோ மன்றமோ இல்லாதவரும், தொழில் தெரிந்திருந்தால், கொள்ளளவு வரம்புக்குள் தனியாக விண்ணப்பிக்கலாம் என்று விதியில் இருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் நான் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன்.

பெங்களூரில் மூடப்பட்ட ஓர் ஆலையிலிருந்து பழைய பொருளின் விலைக்கு 500 லிட்டர் எஃகு டேங்க் ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்தியிருக்கிறேன். சென்ற ஐப்பசி மழையில் கூரைத் தண்ணீரை அம்மா அதில் திருப்பிவிட்டார். பக்கத்து வீட்டுப் பசுக்களுக்கும் எங்கள் வாழைக்கும் இப்போது அதிலிருந்துதான் நீர். தங்கள் துறையிலிருந்து எவரேனும் வந்து பார்க்க விரும்பினால், குலசேகரம் சாலையில் இறங்கி வந்தால் போதும். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பீர் காய்ச்சத் தெரிந்த ஒருத்தி,
திருவட்டார் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.